லாரியில் விட்டுவிட்டு எழும் ஓசை

முறைக்காய்ச்சல் கண்டவனை மருத்துவர் கைபிடித்துப் பார்க்கும் வேளையில் உடம்பு தணிந்திருக்கும். அவர் விடைபெற்றுச் சென்றபின் மறுபடியும் குளிர் காணும். டீசல் லாரியின் அடிப்பாகத்தில் விட்டுவிட்டு எழும் ஓசையும் இத்தகையதே. பாரமேற்றி மலையேறுகையில் வழிநெடுக அடித்துக்கொண்டு வந்த வண்டி, பட்டறை வாசலில் நின்றதும் பரமசாதுவாகிவிடுகிறது. மிஸ்திரி இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்கிறார். அல்லது ஊகத்தின்பேரில் கியர் பெட்டியை இறக்குகிறார். இரண்டினாலும் நஷ்டமடைபவர் வண்டிக்கு உடையவரே. இவ்வோசையை எவ்வாறு துப்பறிவது என்பதையே இப்பேச்சில் நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் நல்லேப்பிள்ளி என்றோர் ஊர் உண்டு. வடக்கே நீலகிரியைச் சார்ந்த மலைகளும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்று வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில், நெல்வயலும் தென்னையும் சூழ அமைந்தது அவ்வூர். திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த 1949 வரையில் சித்தூர்ப் பகுதி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-இல் கேரள மாநிலத்தில் அடங்கிற்று. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் அங்கே பல. அவ்வூர் லாரி ஒன்று அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாக இடுக்கி மாவட்டத்து மறையூருக்குச் செல்வதாகவும், திரும்புகையில் மறையூர் வெல்லம் ஏற்றி வருவதாகவும் கற்பனை செய்துகொள்வோம். உடுமலைப்பேட்டை வரையில் ஓசையில்லை. சின்னாற்றைக் கடந்து, யானை நடமாடும் காட்டுவழியில் ஏற்றம் தொடங்கியதும் தரைக்கடியில் ஓர் அதிர்வு. பிறகு ஓர் உறுமல். மறையூரில் மூட்டைகளை இறக்கியபின் அதுவும் இல்லை. ஊர் திரும்பிப் பட்டறையில் காட்டினால், சமவெளியில், வெறும் வண்டியில், ஓசை ஏன் எழப்போகிறது?

ஓட்டுநர் ஓசையைச் சொல்லால் விளக்கப் புகுகிறார். இங்கேதான் முதல் இடர்ப்பாடு. தமிழ் மொழி ஒலிக்குறிப்புச் சொற்களில் பெருஞ்செல்வம் உடையது. கடகட, கொடகொட, நறநற, கிறீச், டொக், உய்ங் என்று நுட்பமாக வேறுபடுத்துவோம். இவற்றுள் கடகட போல இரட்டித்து வருவனவற்றுக்கு இரட்டைக்கிளவி என்று தொல்காப்பியமே தனிப்பெயரிட்டிருக்கிறது. ஆனால் இச்செல்வம் எல்லை தாண்டினால் செல்லாக்காசு. மலையாள மிஸ்திரி 'மூளல்' என்றால் அது ரீங்காரம். தமிழனுக்கோ மூளுவது தீயும் சண்டையும். நாகபுரியிலோ ராய்ப்பூரிலோ உள்ள பட்டறையில் 'கட்கட்' என்று ஒருவர் எழுதிக்கொண்டால், அது நாம் சொன்ன கடகடவா, டொக்டொக்கா என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதில் கண்ட உண்மை ஒன்று: ஓசையின் தன்மையை மொழிபெயர்த்தல் அரிது, ஓசை எழும் வேளையை மொழிபெயர்த்தல் எளிது. எந்தக் கியரில், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், பாரத்துடனா வெறுமையாகவா, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா காலை எடுக்கும்போதா என்பவை எம்மொழியிலும் மாறாத செய்திகள். நோயைக் காட்டிக்கொடுப்பவையும் அவையே.

அது எவ்வாறெனின், எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் பின்சக்கரத்தை அடையும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். எஞ்சினின் பிளைவீல் சுழல்கிறது. அதனோடு அழுந்திப் பற்றும் கிளட்ச் தட்டு, கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டைச் சுழற்றுகிறது. அத்தண்டு பெட்டியின் அடியிலுள்ள துணைத்தண்டைச் சுற்றுகிறது. அதிலுள்ள பற்சக்கரங்கள் மேல்தண்டின் பற்சக்கரங்களோடு எந்நேரமும் கோத்திருக்கின்றன. நாம் கியர் போடும்போது அவற்றுள் ஒன்று மேல்தண்டோடு பிணைக்கப்படுகிறது. பெட்டியிலிருந்து வெளிவரும் ஆற்றல், நீண்ட புரொப்பல்லர் ஷாப்ட் வழியாகப் பின்னச்சுக்குச் செல்கிறது. லாரி நீளமாதலால் இந்த ஷாப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும்; நடுவில் ஒரு சென்டர் பேரிங் அதைத் தாங்கும். துண்டுகளின் முனைகளில் கிராஸ் என்று பட்டறையில் வழங்கும் சிலுவை வடிவ இணைப்புகள் உண்டு. பின்னச்சில் பினியன், கிரவுன் சக்கரம், டிபரென்ஷியல். அதன்பின் ஆக்ஸில், ஹப், சக்கரம்.

இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் சுழல்கிறது. சில வேளைகளில் சில பாகங்கள் சுழலாமலும், சுழன்றாலும் பளு தாங்காமலும் இருக்கின்றன. ஆகவே 'எப்பொழுது' என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் 'எங்கே' என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

முதற்சோதனைக்கு வண்டி நகர வேண்டியதே இல்லை. கைப்பிரேக் இட்டு, சக்கரத்துக்குக் கட்டை அடைத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட வேண்டும். கிளட்ச் மிதியில் கால் இல்லாதபோது கியர் பெட்டியின் உள்நுழை தண்டும் துணைத்தண்டும் சுழல்கின்றன. மிதியை முழுதும் அமிழ்த்தினால் சிறிது நேரத்தில் அவை நின்றுவிடும். ஆகவே, மிதித்ததும் மறையும் ஓசை அத்தண்டுகளின் பேரிங்குகளிலோ பற்களிலோ உள்ளது. மிதித்ததும் தோன்றும் ஓசை கிளட்சைச் சார்ந்தது. மிதியை இலேசாகத் தொட்ட அளவிலேயே அது தொடங்கினால் ரிலீஸ் பேரிங் என்று கொள்ளலாம். கியர் போட்டு மிதியை அடிவரை அமிழ்த்தினால் மட்டுமே கேட்குமாயின் பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங்கை ஐயுற வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். எஞ்சின் மிக மெதுவாக ஓடுகையில் நியூட்ரலில் எழும் இலேசான கடகடப்பு, டீசல் எஞ்சினின் துடிப்பினால் பளுவற்ற பற்கள் ஒன்றோடொன்று மோதுவதனால் வருவது. வேகத்தைச் சற்று உயர்த்தினால் போய்விடும். அதற்காகப் பெட்டியைப் பிரிப்பவர் வீண்செலவு செய்கிறார்.

நின்ற வண்டியில் ஒன்றும் கேளாவிடில் சாலைக்குச் செல்ல வேண்டியதுதான். சமதரையான, வெறிச்சோடிய சாலையில் ஏதேனும் ஒரு வேகத்தை, மணிக்கு 36 கிலோமீட்டர் என்க, மாறாமல் வைத்துக்கொண்டு முதலில் நான்காம் கியரிலும் பின்பு ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பார்க்கலாம். வண்டியின் வேகம் ஒன்றே. எஞ்சினின் வேகம் மட்டும் மாறுகிறது. ஓசை மாறாதிருந்தால் அது கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ளது. எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் முன்னால் உள்ளது. ஏதேனும் ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பற்களைக் காண்க. கீழ்க்கியர்கள் எல்லாவற்றிலும் கேட்டு டாப் கியரில் மட்டும் மறைந்தால் துணைத்தண்டின் பேரிங்கே குற்றவாளி. ஏனெனில் நேரிணைப்புள்ள டாப் கியரில் ஆற்றல் துணைத்தண்டின் வழியே செல்லாமல் நேராகப் பாய்கிறது. ஓவர்டிரைவ் கியர் உள்ள பெட்டிகளில் நேரிணைப்பு அதற்கு முந்திய கியரில் இருக்குமாதலால், எது நேரிணைப்பு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு கணக்கும் போடலாம். அவ்வேகத்தில் வண்டி விநாடிக்குச் சரியாக 10 மீட்டர் செல்கிறது. பெரிய லாரியின் பின்டயர் ஒரு சுற்றில் சுமார் மூன்றேகால் மீட்டர் உருளும். ஆகவே சக்கரம் விநாடிக்கு மூன்று முறை சுற்றுகிறது. பின்னச்சின் விகிதம் 6 என்று கொண்டால் புரொப்பல்லர் ஷாப்ட் விநாடிக்குச் சுமார் 18 முறை சுற்றுகிறது. பினியனில் 7 பற்கள் இருந்தால் பற்கள் கோக்கும் எண்ணிக்கை விநாடிக்கு 130-ஐ நெருங்கும். இதனால் விளைவது என்ன? விரலால் தாளம் போட்டு எண்ணத்தக்க ஓசை சக்கரத்தினுடையது. எண்ண முடியாமல் அதிர்வாகத் தரையிலும் இருக்கையிலும் உணரப்படுவது ஷாப்டினுடையது. பாட்டுப்போல ஒரே சுருதியில் இழுப்பது பற்களினுடையது. கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. தாளம் அறிந்த நம்மவருக்குப் பட்டறைக்காரரைவிட இதில் ஒரு படி அனுகூலம் உண்டென்றுகூடச் சொல்லலாம்.

இனி நம் மறையூர் லாரியின் நோய்க்கு வருவோம். பாரம் ஏற்றியபோது மட்டும் எழுந்து, இறக்கியவுடன் மறையும் அதிர்வு அது. பாரம் ஏறினால் பட்டைகள் தாழ்கின்றன. பின்னச்சு சேசிஸை நெருங்குகிறது. புரொப்பல்லர் ஷாப்டின் சாய்வு மாறுகிறது. மேட்டில் கீழ்க்கியரில் இழுக்கும்போது பின்னச்சு தன் மூக்கை மேல்நோக்கித் தூக்க முயல்வதால் அச்சாய்வு மேலும் மாறும். கிராஸ் இணைப்பின் இயல்பு ஒன்றை அறிந்தாலன்றி இதன் விளைவு விளங்காது. இத்தாலியரான கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவில் வழங்குவதும், பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக் ஆராய்ந்ததுமான இவ்விணைப்பு, நேர்கோட்டில் இருக்கும் வரையில் சீராகச் சுழலும். சாய்ந்துவிட்டால், உள்ளே வரும் சுழற்சி சீராக இருப்பினும் வெளியேறும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் செல்லும். 10 பாகைச் சாய்வில் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை வீதம் மேலும் கீழும் ஆகும். நிமிஷத்துக்கு 1,200 சுற்றுச் சுழலும் தண்டு, 1,182-க்கும் 1,218-க்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். இதனை ஈடுசெய்யவே மறுமுனையிலும் ஒரு கிராஸ் வைத்து, இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்குமாறு பொருத்துகிறார்கள். ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது சமன்செய்கிறது.

ஷாப்டைக் கழற்றிய பட்டறைப் பையன், நீளங்கூடிக் குறையும் பல்தண்டை ஒரு பல் மாற்றிப் பொருத்திவிட்டால் இந்தச் சமநிலை குலைந்துவிடும். இதனைத் தடுக்கவே இரு துண்டுகளிலும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். துருவும் மண்ணும் அதை மறைத்திருக்கும். சாய்வு சிறிதாயிருக்கும் வெறும் வண்டியில் அத்தவறு தெரியாது, பாரத்தில் தெரியும். 'கிராஸ் மாற்றிய நாளிலிருந்துதான் இந்த ஓசை' என்று ஓட்டுநர் சொல்வாராயின், அம்புக்குறியைத் துடைத்துப் பார்ப்பதே முதல் வேலை. கியர் பெட்டியைத் தொட வேண்டியதில்லை.

குறிகள் நேராக இருப்பின் அடுத்து நோக்க வேண்டியவை மூன்று. சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால் பாரத்துடன் கிளம்பும்போது ஷாப்ட் துள்ளும். வேகம் பிடித்தபின் அடங்கிவிடும். பல்தண்டு தேய்ந்திருந்தால் காலை எடுத்து மறுபடி மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று ஒற்றை அடி கேட்கும். பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும், ஆக்ஸில் முகப்பின் நட்டுகள் தளர்ந்தாலும் ஏறக்குறைய இதே அடிதான், ஆதலால் ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பார்ப்பது நலம். மூன்றாவது, கிராஸ் உலர்ந்து போதல். ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை நகர்த்தினால் விநாடிக்கு ஒன்றிரண்டாக 'கீச், கீச்' என்று குருவி கத்துவது போல் கேட்கும். சக்கரம் அரைச்சுற்றுக்கூடச் சுற்றாத நேரத்தில் கேட்பதால் அது சக்கரத்தினுடையதன்று, ஷாப்டினுடையதே என்பது வெளிப்படை. கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செம்மண் போன்ற துருப்பொடி படிந்திருந்தால் சாட்சியமே வேண்டா. கிரீஸ் அடிக்கும்போது நான்கு மூடிகளின் வழியாகவும் புதுக்கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வாராவிடின், அந்த ஒன்று உள்ளே ஊசிகளை அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தப் பகுதியில் நாம் நெடுநேரம் தங்குவதற்குக் காரணம் உண்டு. மற்றப் பாகங்கள் கெட்டால் வண்டி நிற்கும்; ஷாப்ட் கெட்டால் வண்டி நிற்காமலும் போகலாம். ஓட்டத்தில் முன்முனைக் கிராஸ் முறிந்தால் தண்டு தரையில் விழுந்து குத்தும்; அருகே செல்லும் பிரேக் காற்றுக்குழாயை அறுத்தாலும் அறுக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அற்றுவிடுவதால், இறக்கத்தில் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் துணையும் போய்விடும். கைப்பிரேக் கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாப்டைப் பற்றும் அமைப்புள்ள பழைய வண்டியானால் அதுவும் பயன்படாது. போடிமெட்டிலோ குமுளியிலோ கொண்டை ஊசி வளைவில் இப்படி நேர்ந்தால் என்னாகும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. 'கீச்' என்னும் அச்சிறு ஓசையைக் கேட்டும் கேளாதவராக ஒருவரும் மலை இறங்கலாகாது.

பின்னச்சின் ஓசைகள் இவ்வளவு அபாயமானவை அல்ல. ஆனால் செலவு மிகுதி. மிதிக்கும்போது மட்டும் பாடி, காலை எடுத்தால் நிற்பதும், இதற்கு நேர்மாறானதும் கிரவுன்-பினியன் பற்கள் கோக்கும் முறையிலோ பினியன் பேரிங்கின் தளர்ச்சியிலோ உள்ள பிழை. இரண்டு வேளையும் ஒரே மாதிரி இரைவது பெரும்பாலும் பேரிங் தேய்வு. வளைவில் திரும்பும்போது மட்டும் கேட்டால் டிபரென்ஷியலின் சிறு பற்சக்கரங்களையோ ஹப் பேரிங்கையோ நினைக்க வேண்டும். இடப்பக்கம் திரும்புகையில் பாரம் வலப்பக்கச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது ஓசை மிகுந்தால் வலப்பக்க ஹப்பைச் சோதிக்க. இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியபின் மட்டும் எழும் ஓசை, எண்ணெய் சூடேறி நீர்த்தபின் பற்களிடை மெத்தை போய்விடுவதைக் காட்டும். எண்ணெய் வடிக்கும் திருகின் காந்தத்தில் சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் சிக்கும் அளவு இரும்புச் செதில் இருப்பது இயல்பன்று.

இத்தனைக்கும் முன்னதாக ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்து, இரட்டைப் பின்டயர்களுக்கு இடையில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. தாளம் தவறாமல் அடிக்கும் கல் ஒன்று ஹப்பையே பிரிக்கவைக்கும். டயரின் ரீங்காரம் தார்ச்சாலையில் ஒருவிதமாகவும் சிமெண்டுச் சாலையில் வேறுவிதமாகவும் மாறும். பேரிங்கின் ரீங்காரம் சாலைக்குச் சாலை மாறாது. ஸ்டெப்னித் தாங்கி, சைலன்சர், பின்கதவுச் சங்கிலி ஆகியவையும் எத்தனையோ மிஸ்திரிகளை ஏமாற்றியவை.

சோதனைகளில் செய்யலாகாதவையும் சில உண்டு. எஞ்சின் ஓடுகையில் வண்டிக்கடியில் ஒருவரும் புகலாகாது. சுழலும் ஷாப்ட் வேட்டி முனையையோ தோள்துண்டையோ பற்றினால் ஆளையே இழுத்துக்கொள்ளும். கிராஸின் தளர்ச்சியைப் பார்ப்பதானால் எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை அடைத்து, நியூட்ரலில் வைத்து, தண்டை இரு கையாலும் முறுக்கியும் மேலும் கீழும் அசைத்தும் பார்க்க வேண்டும். நியூட்ரலில் உருளவிட்டு ஓசை கேட்கும் சோதனை சமதரைக்கே உரியது. மலைச்சரிவில் டீசல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்கும் பழக்கத்துக்கும், எஞ்சினையே நிறுத்திவிடும் துணிச்சலுக்கும் இது சாக்கு ஆகிவிடக் கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுவிடும்.

1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டாட்டா-பென்ஸ் கூட்டுறவு ஏற்பட்டது. அந்நாளைய லாரிகளில் இரட்டைக் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றிய ஓட்டுநர்கள், பற்களின் வேகத்தைக் காதாலேயே அளந்தவர்கள். இன்றைய பெட்டிகளில் ஸின்க்ரோமெஷ் அவ்வேலையைச் செய்கிறது. ஓட்டும் கூண்டும் முன்னைவிட அடைத்து வந்துவிட்டது. நவீன எஞ்சினில் கணிப்பொறி பழுதுக்குறி காட்டுகிறது. ஆனால் கிராஸின் துருவையும் சென்டர் பேரிங்கின் கிழிந்த ரப்பரையும் காட்டும் குறியீடு எதுவும் அதில் இல்லை.

ஆகவே, வெளிமாநிலச் சாலைகளில் ஓடும் நம்மவர் கூண்டில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது பயனுடையது. கிளீனர் பையனே எழுதலாம். 'பாரம் 10 டன். மேடு. மூன்றாம் கியர். மணிக்கு 20. மிதித்தால் உண்டு, காலை எடுத்தால் இல்லை. கிளட்ச் மிதித்தால் இல்லை. 40 கிலோமீட்டர் ஓடியபின் தொடக்கம். சென்ற மாதம் கிராஸ் மாற்றியது.' இவ்வளவு போதும். இதில் உள்ளவை எண்களும் ஆம்-இல்லையுமே. ஹிந்தியிலோ மராத்தியிலோ தெலுங்கிலோ சொல்ல நான்கைந்து சொல் தெரிந்தால் போதும். கூடுமானால், பாரத்தை இறக்குவதற்கு முன்பே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசென்று, மிஸ்திரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அருகிலுள்ள மேட்டில் ஒருமுறை ஏற்றிக் காட்டுக. இறக்கியபின் போவதாயிருந்தால், கியர் பெட்டியில் கைவைக்கும் முன் ஷாப்டின் அம்புக்குறிகளையும் நான்கு மூடிகளையும் பார்த்துவிடுமாறு அவரிடம் கேட்டுக்கொள்க. அதற்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.